வாசகர் கேள்வி – பதில்: முள்காட்டில் மரம் நடலாமா?

கேள்வி: வறண்ட புதர்நிலங்களும் புல்வெளிகளும் அரசுப் பதிவேடுகளிலேயே தரிசு என்றுதான் குறிக்கப்படுகின்றன. அங்கே மரம் நட்டால் பறவைகள் பெருகும் என்று சொன்னதற்கு, பறவை நோக்கும் நண்பர் ஒருவர் கடிந்துகொண்டார். இதில் என்ன தவறு?

பதில்: நண்பர் கடிந்துகொண்டிருக்க வேண்டியதில்லை, ஆனால் அவர் சொன்னது சரி. மரம் வளர்ந்தால் மரத்தில் வாழும் பறவைகள் வரும், தரையை நம்பி வாழும் வானம்பாடியும் கவுதாரியும் விலகிப் போகும். நிழல் விழுந்த இடத்தில் புல் மெலிவதோடு, முட்டை தேடும் காக்கைக்கு உட்கார்ந்து நோட்டமிட உயரமான கிளையும் கிடைத்துவிடும். புல்வெளியில் வாழும் பெரிய பறவையான கானமயில் பெரும்பாலும் ஓர் ஈட்டுக்கு ஒரே ஒரு முட்டையைத்தான், அதுவும் வெறுந்தரையில் இடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கிளையின் விலை புரியும்.

புதர்க்காட்டின் அருமைக்கு ஜெர்டன் கோர்சரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. தெலுங்கில் கலிவிக்கோடி எனப்படும் இந்த இராப்பறவை, 1900-க்குப் பின் எவர் கண்ணிலும் படாததால் அற்றுப்போனதாகவே கருதப்பட்டு, 1986 ஜனவரியில் ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்து முள்புதர்களுக்கிடையே மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. டார்ச் வெளிச்சத்தில் அதைப் பிடித்தவர் அப்பகுதியைச் சேர்ந்த வேட்டைக்காரர் ஒருவர். நேரில் காண்பது அத்தனை அரிது என்பதால், பின்னாளில் ஆய்வாளர்கள் புதர்களுக்கிடையே மெல்லிய மண்ணைப் பட்டையாகப் பரப்பி வைத்து, காலையில் சென்று அதில் மூன்று விரல் காலடித்தடம் பதிந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்தப் பறவைக்காக அமைந்த ஸ்ரீலங்கமல்லேஸ்வரா சரணாலயத்தின் நிலத்தை, அதைப் பற்றி அறியாத ஒருவரிடம் காட்டினால் அவரும் தரிசு என்றே சொல்வார்.

கேள்வி: அப்படியானால் ஆடுமாடுகளையும் விறகு வெட்டுபவர்களையும் தடுத்து, வேலி போட்டுவிட்டால் போதுமா?

பதில்: போதாது, சில இடங்களில் அதுவே கேடாகவும் முடியும். ஜெர்டன் கோர்சர் அடர்ந்த புதரிலும் தங்குவதில்லை, மொட்டைவெளியிலும் தங்குவதில்லை. ஹெக்டேருக்கு ஏறத்தாழ 300 முதல் 700 பெரும்புதர்கள் இருந்து, இடையிடையே ஓடித்திரியத் திறந்த தரையும் உள்ள நிலத்தையே அது விரும்புவதாகக் கள ஆய்வுகள் காட்டின. மிதமான மேய்ச்சல் அந்த இடைவெளி மூடிவிடாமல் காக்கிறது. அளவு மீறினால் புதரே மிஞ்சாது. ஆகவே எத்தனை ஆடுகள், எந்தப் பருவத்தில், எந்தப் பக்கம் மேய்வது என்பதை மேய்ப்பவர்களோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். சீமைக் கருவேலம் பரவியிருந்தால் அது வேறு கதை: அதை வேரோடு அகற்றியாக வேண்டும், வெட்டிவிட்டால் மட்டும் மறுபடி துளிர்க்கும்.

கேள்வி: இந்நிலங்களுக்கு இப்போது பெரிய ஆபத்து எது?

பதில்: தரிசு என்ற பெயர்தான். கால்வாயோ சூரிய மின் நிலையமோ சாலையோ, எதற்கு இடம் தேடினாலும் முதலில் கண்ணில் படுவது இந்த நிலம். தெலுங்கு கங்கைக் கால்வாய்ப் பணியால் ஜெர்டன் கோர்சரின் வாழிடத்தில் ஒரு பகுதி அழிந்தபின், எதிர்ப்பு எழுந்து கால்வாயின் தடம் மாற்றப்பட்டது. தார் பாலைவனத்தில், நேர் எதிரே உள்ளதைச் சரியாகப் பார்க்க இயலாத கானமயில்கள் பறக்கும்போது மின்கம்பிகளில் மோதி இறக்கின்றன. கம்பிகளைப் பூமிக்கடியில் பதிப்பது குறித்து உச்ச நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டு, 2024-இல் அதைத் திருத்தி ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. உங்கள் கையில் ஒரு மரக்கன்று இருந்தால், முன்பு மரம் இருந்து வெட்டப்பட்ட இடமாகப் பார்த்து நடுங்கள்.