சொல்லிக்கொடுப்பவரின் அரைமணி நேரம்

ஐயா, வணக்கம்.

கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் பம்புக்கும் மில் மெஷினுக்கும் உதிரிபாகம் செய்துகொடுக்கும் கம்பெனி நடத்துகிறேன். 45 பேர் வேலை செய்கிறார்கள். போன வருடம் ஐடிஐ முடித்த நான்கு பையன்களை அப்ரண்டிஸாகவும், பி.இ. முடித்த ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் டிரெய்னியாகவும் எடுத்தோம். மதியச் சாப்பாடு, தங்க இடம், பஸ் காசு எல்லாம் கொடுத்தோம். மூன்று மாதம் தாண்டி நின்றவர்கள் இரண்டே பேர். தன் காலத்தில் அடி வாங்கிக்கொண்டு தொழில் கற்றார்கள் என்பார் அப்பா. இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லையா? அடுத்த முறை ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

சர்ட்டிபிகேட்டை வாங்கி வைக்காதீர்கள். அதற்குப் பயந்து ஒரு பிள்ளை உங்களிடம் நிற்கலாம். ஆனால் எப்போது கிளம்பலாம் என்று நாள் எண்ணுகிறவனுக்கு வேலை கையில் ஏறாது. வீட்டுக் கஷ்டத்தில் படித்து வாங்கிய காகிதத்தை அடகு போல வாங்கி வைப்பது தப்பும்கூட.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சாப்பாடு இருக்கிறது, ரூம் இருக்கிறது, பஸ் காசு இருக்கிறது. இந்த ஆறு பேருக்கும் வேலை சொல்லிக்கொடுத்தது யார் என்பது மட்டும் அதில் இல்லை. ஒருவேளை 'எல்லாரும் சேர்ந்துதான்' என்பீர்கள். எல்லாருடைய வேலை என்றால் அது யாருடைய வேலையும் இல்லாமல் போய்விடும்.

என் கதையைச் சொல்கிறேன். 1987-இல் டிப்ளமா முடித்துவிட்டு இங்கேயே ஒரு பம்ப் கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். முதல் ஐந்து வாரம் லேத் என்ற கடைசல் மெஷின் பக்கமே விடவில்லை. இரும்புச் சுருள் அள்ளினேன், ஜாப் என்று சொல்லும் கடைய வேண்டிய இரும்பைச் சுமந்தேன், டீ வாங்கி வந்தேன். ஆறாவது வாரம் லேத் ஓட்டும் டர்னர் ஒருவர் லீவு போட, அந்த இடத்தில் என்னை நிறுத்திவிட்டார்கள். மோட்டார் ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தைக் கடைய வேண்டும். ட்ராயிங்கில் இருந்த அளவு வரும்வரை மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். மறுநாள் காலை 17 ஷாஃப்ட் ரிஜெக்ட். எல்லாமே அளவு குறைந்திருந்தன. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்தினார், உதவித்தொகையிலும் பிடித்தார்கள். தப்பு எங்கே என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அன்று மதியம் பக்கத்து மெஷின் டர்னர் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். அப்போதுதான் கடைந்த ஷாஃப்ட் ஒன்றையும், காலையிலேயே முடித்து வைத்த ஷாஃப்ட் ஒன்றையும் என் இரண்டு கையிலும் கொடுத்தார். "கண்ணு, இது சுடுது பாரு. ஆறட்டும், அப்புறம் அள" என்றார். அவ்வளவுதான் விஷயம். 30 மில்லிமீட்டர் இரும்பு ஷாஃப்ட் 40 டிகிரி சூடேறினால் விட்டத்தில் சுமார் 14 மைக்ரான் பெருக்கும்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடத்தில் அளவு கூடக்குறைய இருக்கலாம் என்று ட்ராயிங் விடுவதே ஏறக்குறைய அவ்வளவுதான். சூட்டோடு அளந்து சரி என்று இறக்கி வைத்தால், ஆறிய பிறகு அது குறைந்துதான் நிற்கும்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் தினமும் மதியச் சாப்பாட்டு வேளையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பீஸ் கணக்கில் இன்சென்டிவ். ஷிஃப்ட் நேரத்தில் எனக்காக நின்றால் அவர் வீட்டுக்குப் போகும் பணம் குறையும். அதனால் பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு, ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தை எனக்குக் கொடுத்தார். அதற்காக அந்தக் கம்பெனி அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று ஒரு நோட்டிலும் எழுதி வைக்கவில்லை. நான் தொழிலில் நின்றது அவரால்தான். இதை நினைத்தால் இன்றும் மனசு கனத்துப்போகிறது.

உங்கள் அப்பா சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அடி வாங்கி நின்றவர்களைத்தான் அவர் பார்த்தார். அடி தாங்காமல் ஊருக்கே திரும்பிப்போன பையன்களை யார் கணக்கில் வைத்தார்கள்?

இப்போது உங்கள் பட்டறைக்கு வாருங்கள். லேத் இருந்த இடத்தில் கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷின் நிற்கிறது. அதைச் சரிசெய்து ஓட்டும் செட்டருக்கு ஷிஃப்டுக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் வைத்திருப்பீர்கள். அவர் பக்கத்தில் ஒரு புதுப் பையனை நிறுத்தி "பார்த்துக் கத்துக்கோ" என்கிறீர்கள். ஆஃப்செட்டில், அதாவது டூலை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லும் அளவில், 0.05 மில்லிமீட்டர் போட வேண்டிய இடத்தில் பையன் 0.5 போட்டால் டூல் உடையும், ஜாப் போகும், டார்கெட்டும் போகும். செட்டர் என்ன செய்வார்? பையனைப் பட்டன் பக்கம் விடமாட்டார். ஜாப் மாட்டு, கழற்று, பிசிறு எடு என்பார். மூன்று மாதம் அதையே செய்த பையன் எதற்காக நிற்க வேண்டும்? செட்டர் மேலும் தப்பில்லை. சொல்லிக்கொடுத்தால் அவருக்கு நஷ்டம் என்பதுபோல நாம்தான் கணக்கை வைத்திருக்கிறோம்.

அந்தக் கணக்கை மாற்றுங்கள். ஒரு செட்டருக்கு இரண்டு பிள்ளைகள், அதற்கு மேல் வேண்டாம். தினம் அரைமணி நேரம் அவர் டார்கெட்டில் கழித்துவிடுங்கள். மூன்று மாதத்தில் 75 வேலை நாள் என்றால் மொத்தம் முப்பத்தேழரை மணி நேரம், ஐந்து ஷிஃப்ட்கூட ஆகவில்லை. அதற்கு மேல் மாதம் ஒரு தொகை, சம்பளச் சீட்டில் 'பயிற்சிப் படி' என்றே போட்டுக் கொடுங்கள். காசு ஒரு பக்கம் இருக்கட்டும், தன் வேலையில் இதுவும் ஒன்று என்று கம்பெனி எழுதிக் கொடுப்பது அவருக்குப் பெரிய மரியாதை.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி ஆகமாட்டார். அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் போடக்கூடாது. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி, ஆட்களில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் வைக்க வேண்டும். உங்கள் அளவுக்கு ஆறு பேர் வரை வைக்கலாம். ஆள் வராத மெஷினை ஓட்டுவதற்கு அவர்களை எடுக்கக்கூடாது. என்னை நிறுத்தியது போல நிறுத்திவிடாதீர்கள்.

பி.இ. படித்தவர்களின் சங்கடம் வேறு. அவர்களை ஏசி ரூமில் உட்காரவைத்து இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டை எக்செலில் ஏற்றச் சொல்கிறோம். நான்கு வருடம் படித்தது இதற்கா என்று ஒரு மாதத்தில் தோன்றிவிடும். முதல் ஆறு வாரம் மெஷினிலும் அசெம்பிளியிலும் நிற்கட்டும். பிறகு உங்களை நிஜமாகவே வாட்டும் ரிஜெக்ஷன் ஒன்றை அவர்கள் பெயரிலேயே ஒப்படையுங்கள். ஒரு முறை ஒரு டிரெய்னிப் பெண்ணைப் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். 1,000 அடி போர்வெல். சப்மெர்சிபிள் மோட்டார் எரிந்து, பைப் பைப்பாகக் கழற்றி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தென்னைக்குத் தண்ணீர் விட்டு எட்டு நாளாயிற்று என்றார் தோட்டத்துக்கார அம்மா. திரும்பி வரும்போது அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. மறுநாள் ரிஜெக்ஷன் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மைக்ரான் என்பது அவளுக்கு அன்றுதான் தண்ணீராகத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

படிப்பையும் பட்டறையையும் சேர்த்து வைப்பது நம்ம ஊருக்குப் புதிதில்லை. 1945-இல் ஜி.டி. நாயுடு இங்கே தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க முன்னின்றபோதும் செய்து படிப்பதைத்தான் வலியுறுத்தினார். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பும், அதாவது வகுப்பும் தொழிற்சாலைப் பயிற்சியும் கலந்த படிப்பும், அதே மாதிரிதான்.

கிளம்பிப்போன நான்கு பேரின் நம்பர் உங்களிடம் இருக்கும். வேலைக்குத் திரும்பக் கூப்பிட வேண்டாம், என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் எடுத்த டிரெய்னிப் பெண்ணும் போயிருந்தால், இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து எப்படி ரூமுக்குப் போனாள் என்பதையும் கேளுங்கள். நின்ற இரண்டு பேரிடம் ஏன் நின்றீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் ஒரு ஆளின் பெயரைச் சொல்வார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அடுத்த பேட்ச் எடுப்பதற்கு முன்னால் அந்த ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.