ஃபண்டு செலவு: விற்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாக முதலீடு செய்து வருகிறேன். இப்போது ஒன்பது மியூச்சுவல் ஃபண்டுகள் இருக்கின்றன. ஸ்டேட்மெண்டில் லாபம் தெரிகிறது, செலவு எவ்வளவு என்று தெரியவில்லை. செலவு அதிகமுள்ள ஃபண்டுகளை விற்றுவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு விற்க வேண்டாம். முதலில் உங்கள் செலவு என்ன என்று கண்டுபிடிப்போம். அது ஸ்டேட்மெண்டில் தனி வரியாக வராததற்குக் காரணம் உண்டு. நிர்வாகச் செலவை ஃபண்டு நிறுவனம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் யூனிட் மதிப்பாக, அதாவது என்ஏவியாக அறிவிக்கிறது. நீங்கள் பார்க்கும் லாபம் ஏற்கெனவே செலவு போன லாபம்.

ஒவ்வொரு ஃபண்டின் தகவல் அறிக்கையிலும் செலவு விகிதம், அதாவது ஆண்டுக்கு எத்தனை சதவீதம் செலவாகக் கழிகிறது என்பது, இருக்கும். அதை, உங்கள் மொத்தப் பணத்தில் அந்த ஃபண்டில் உள்ள பங்கால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். பாதிப் பணம் 0.2 சதவீதச் செலவுள்ள இண்டெக்ஸ் ஃபண்டில் (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் ஃபண்டு), 30 சதவீதம் 1.6-இல், 20 சதவீதம் 2.1-இல் இருக்கிறது என்று வையுங்கள். மொத்தச் செலவு 1 சதவீதம். அதில் முதல் பாதிப் பணம் கேட்பது 0.1 மட்டும், மற்ற பாதி 0.9. எங்கே கை வைக்க வேண்டும் என்பது இப்போது தெரிந்துவிட்டது, இல்லையா?

ஒன்று, ஒன்றரை சதவீதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு 8 சதவீதம் வளரும் 100, இருபது ஆண்டில் சுமார் 466 ஆகும். செலவு 1.5 போய் 6.5-ஆக வளர்ந்தால் 352 தான். வந்திருக்க வேண்டிய லாபத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கும் பலர் நம்ப மறுப்பார்கள். கடன் பத்திர ஃபண்டில் இன்னும் கவனம் வேண்டும்: 6 சதவீதம் தரும் பத்திரத்தில் 1 சதவீதச் செலவு என்றால் வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு போயிற்று.

செலவு விகிதத்துக்கு வெளியேயும் பணம் போகும். ஆலோசகர் கட்டணம், கணக்குப் பராமரிப்புக் கட்டணம், அப்புறம் ஃபண்டே பங்குகளை அடிக்கடி வாங்கி விற்பதால் ஆகும் தரகு. ஒன்பது ஃபண்டுகளிலும் முதல் பத்து பங்குகளை அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். நாலைந்தில் அதே நிறுவனங்கள் வந்தால், ஏறக்குறைய ஒரே பங்குகளை நிர்வகிக்கப் பல பேருக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள். நானாக இருந்தால் முதலில் அங்கேதான் ஆளைக் குறைப்பேன்.

சரி, விற்கலாமா? விற்பதற்கும் செலவு உண்டு: லாப வரி, வெளியேறும் கட்டணம். இரண்டும் சேர்ந்து மதிப்பில் 2 சதவீதம், மாறினால் ஆண்டுக்கு 1.3 மிச்சம் என்றால், இரண்டு ஆண்டுக்குள் போட்டது திரும்பிவிடும். பத்து ஆண்டு கழித்துத் தேவைப்படும் பணமென்றால் தயங்காமல் மாற்றுங்கள். அடுத்த ஆண்டே வேண்டிய பணத்தை மாற்றினால் நஷ்டம்தான்.

பழைய லாபம் பெரிதாகச் சேர்ந்து வரி அதிகமாக வரும் ஃபண்டை இப்போதைக்கு அப்படியே விடுங்கள். அதற்குப் போகும் மாதத் தவணையை மட்டும் நிறுத்தி, அதே வகையில் செலவு குறைந்த ஃபண்டுக்குத் திருப்புங்கள். இதற்கு வரியும் இல்லை, கட்டணமும் இல்லை, இந்த மாதமே செய்யலாம்.