ஆஃப்ல இருக்கிற இன்ஜின் எப்படி பவர் கொடுக்குது?

கேள்வி: ஹைப்ரிட் கார்ல இன்ஜினை எப்ப ஆன் பண்ணனும், எப்ப பேட்டரியிலயே ஓட்டலாம்னு ஆப்டிமல் கண்ட்ரோல் கணக்கா (நேரம் போகப்போக எடுக்கிற முடிவுகள்ல சிறந்ததை தேடுற கணக்கு) போட்டிருக்கேன். ஆன்/ஆஃப்க்கு 0-1 வேரியபிள், கூடவே பிக்-எம், அதாவது 'பவர் ≤ எம் × 0-1 வேரியபிள்'னு எம்ங்கிற பெரிய எண்ணை வச்சு போடற கட்டுப்பாடு. சால்வர் (கணக்கை தீர்க்கிற மென்பொருள்) விடிய விடிய ஓடுது, கடைசில வந்த விடைல ஆஃப்ல இருக்கிற இன்ஜின் பவர் கொடுக்குது. எங்க தப்பு?

பதில்: உங்க எம் ரொம்ப பெருசு, 10 லட்சம் மாதிரி ஏதோ போட்டிருப்பீங்க. நிறைய சால்வருக்கு 0.00001ங்கிறதும் 0 தான், அதை 10 லட்சத்தால பெருக்குங்க, 10 வருது, அந்த 10 கிலோவாட் தான் ஆஃப்ல இருக்கும்போதே உள்ள நுழையுது. இன்ஜினோட உச்சம் 70 கிலோவாட்னா எம்மும் 70 தான், அதுக்கு மேல ஒரு கிலோவாட் கூட வேணாம். லேட் ஆகறதுக்கும் இதான் பெரிய காரணம், நேரத்தை 100 துண்டா வெட்டினா 2^100 வழி இருக்கு, தேறாத வழியை சால்வர் வெட்டி எறியறதே 0-1ஐ பின்னமா தளர்த்தி கிடைக்கிற எல்லையை (செலவு இதுக்கு கீழ போகாதுங்கிற மதிப்பை) வச்சுத்தான், எம் பெருசானா அந்த எல்லை நொளநொளன்னு ஆயிடும்.

ஆனா நான் முக்கியமா சொல்ல வர்றது வேற. 0-1ஐ கொஞ்ச நேரம் மறந்துட்டு லாஜிக்கை அப்படியே எழுதுங்க: ஒண்ணு, இன்ஜின் ஆன், பவர் 10ல இருந்து 70க்குள்ள, எரிபொருள் இந்த சமன்பாடு, இல்லன்னா ஆஃப், ரெண்டுமே 0. ஆன் பண்ணா குறைஞ்சது 3 துண்டு ஓடணும். ராமன், கிராஸ்மேன் ரெண்டு பேரும் 1994ல முன்வச்ச ஜெனரலைஸ்டு டிஸ்ஜங்டிவ் புரோகிராமிங் இதான். இப்படி எழுதிட்டா அதை 0-1 கணக்கா மாத்த பிக்-எம்மா ஹல்லா (எல்லா நிலையையும் சேர்த்து இறுக்கமா மூடுற குவி உறை) ங்கிறதை அப்புறம் முடிவு பண்ணிக்கலாம், பயோமோல (பைத்தான்ல இந்த மாதிரி கணக்கு எழுதற கருவி) ஒரு வரி மாத்தினா போதும். ஹல்ல ஒவ்வொரு நிலைக்கும் வேரியபிளோட நகல் வரும், கணக்கு வீங்கும், ஆனா எல்லை பிக்-எம்மை விட லூசா போகவே போகாது. எது வேகம்னு ரெண்டையும் ஓட்டித்தான் பாக்கணும்.

"பேட்டரி 30%க்கு கீழ போனா இன்ஜின் ஆன்"னு ரூல் போடணும்னு கை துறுதுறுக்கும், போடாதீங்க ப்ளீஸ். பேட்டரிக்கு கீழ் எல்லை மட்டும் கொடுங்க, எப்ப ஆன் பண்றதுன்னு கண்டுபிடிக்கத்தானே இந்த கணக்கே.

துண்டு ஆயிரக்கணக்குல போச்சுன்னா சம்-அப் ரவுண்டிங் பாருங்க, பின்னமா தீர்த்துட்டு சேர்ந்த வித்தியாசம் பெருசாகாம 0-1ஆ மாத்தறது, துண்டு சின்னதாக ஆக பிழையும் குறையும். ஆனா அந்த 3 துண்டு ரூலை அது மதிக்காது, அதை தனியா பாத்துக்கணும்.