அணைக்கு மராமத்து, நமக்கு எத்தனை போகம்?

போன இதழில் முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய ஒரு கேள்விக்கு, ‘பலமா பலவீனமா என்று கத்துவதை நிறுத்திவிட்டு, பாக்கி மராமத்தை முடிக்க விடுங்கள்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. கம்பத்தில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவற்றை மலைக்கு மேலே கேரளத்தில் இருந்து வந்தவை, கீழே தமிழ்நாட்டில் இருந்து வந்தவை என்று இரண்டு கட்டாகப் பிரித்தேன். இரண்டு கட்டிலும் எனக்குத் திட்டு உண்டு. இரண்டு பக்கமும் எழுதியவர்கள் தமிழர்கள்தான் என்பதை வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். இந்த இதழ் முழுக்க அணைதான், மூட்டுவலிக்குக் கைமருந்து கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

கேள்வி: 1979-க்கு அப்புறம் அணையைப் பலப்படுத்தி முடித்தாகிவிட்டது. உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்னும் என்ன மராமத்து? நீங்களே எதிராளிக்கு எடுத்துக் கொடுக்கிறீர்கள்.
– வாசகர், கூடலூர் (தேனி)

கோபம் புரிகிறது அண்ணே. ஆனால் ‘முடித்தாகிவிட்டது’ என்கிற பேச்சே அணைக்குக் கிடையாது, ஓட்டு வீட்டுக்கு வருஷா வருஷம் ஓடு மாற்றுகிற கதைதான். நம் அணை 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்தது. உள்ளே இருப்பது சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது செங்கல் பொடி சேர்த்த கலவை. இரண்டு முகமும் கல் கட்டு. தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்கிற வகை. அடிப்பாறைக்கும் கட்டுமானத்துக்கும் நடுவே புகுகிற தண்ணீர் அணையைக் கீழே இருந்து தூக்கப் பார்க்கும் என்பது அந்தக் காலத்து இன்ஜினியர்கள் கணக்கில் சரியாக ஏறவில்லை. அதே 1895-இல், ஏப்ரல் மாதம், பிரான்சில் பூசே என்கிற அணை உடைந்து எண்பது பேருக்கு மேல் செத்த பிறகுதான் உலகம் அந்தப் பாடத்தைப் படித்தது. அக்டோபரில் நம் அணையைத் திறந்துவிட்டார்கள்.

1979 ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் மூழ்கியது, அந்தச் சமயத்தில்தான் இங்கேயும் பீதி கிளம்பியது. அதற்குப் பிறகு மத்திய நீர்வள ஆணையம் சொன்ன மூன்று வேலையும் பழைய கணக்கை நேர்செய்யத்தான். அணையின் தலையில் கான்கிரீட் போட்டு எடை ஏற்றினார்கள். மேலே இருந்து அடிப்பாறை வரை துளை போட்டு இரும்பு வடங்களை இறக்கி இழுத்துக் கட்டினார்கள். பின்பக்கம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். இவ்வளவும் பெரிய வேலை.

அன்றாட வேலை வேறு. அணைக்குள் கேலரி என்று ஆள் நடக்கிற சுரங்கப்பாதை இருக்கிறது. கசிந்து வருகிற தண்ணீர் அங்கே ‘வி’ மாதிரி வெட்டிய தகட்டைத் தாண்டி விழும், நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்று நோட்டில் ஏற்றுவார்கள். கசிவு இருப்பது தப்பே இல்லை. சொல்லப்போனால் வழக்கமாக வருகிற கசிவு நின்றுபோனால்தான் எங்கே அடைத்துக்கொண்டது என்று பதற வேண்டும். அளவு திடீரென்று ஏறினாலும், சுண்ணாம்பு கரைந்து சுவரில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தாலும் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும், துளையிட்டு சிமெண்ட் பால் ஏற்ற வேண்டும். இதைச் சொன்னால் நம் பக்கம் பலவீனமாகிவிடும் என்று நினைக்காதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் சோதித்துக்கொள்கிற தாத்தாவை யாரும் சாகக் கிடக்கிறார் என்று சொல்வதில்லையே.

கேள்வி: அண்ணே, நாங்கள் மூன்று தலைமுறையாக ஆற்றங்கரை லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறோம். மழைக்காலத்தில் அணை 140 அடியைத் தாண்டிவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் தூங்குவதில்லை. ரேஷன் கார்டு, பிள்ளைகள் சர்ட்டிபிகேட் எல்லாம் பாலித்தீன் பையில் கட்டிக் கதவோரம் ஆணியில் தொங்குகிறது. உங்களுக்குத் தண்ணீர் வேண்டும், சரி. எங்கள் உயிருக்கு யார் ஜவாப்?
– வாசகி, வண்டிப்பெரியாறு

அந்தப் பையை நான் பார்த்திருக்கிறேன் அக்கா. வல்லக்கடவுப் பக்கம் என் சின்னம்மா மகள் வீட்டில் அதே மாதிரி ஒன்று தொங்கும். உள்ளே கூடுதலாக ஒரு டார்ச் லைட்டும் அவள் மாமியாருடைய சுகர் மாத்திரையும் இருக்கும். ஒரு தடவை மாத்திரை காலாவதியாகிவிட்டது என்று அவிழ்த்து மாற்றிக்கொண்டிருந்தாள், மார்ச் மாதம், ஆற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை.

உங்கள் பயத்தில் இரண்டு இருக்கிறது. அணை உடைந்துவிடும் என்பது ஒன்று. ராத்திரி ஷட்டரைத் தூக்கிவிடுவார்கள் என்பது இன்னொன்று. முதலாவதைப் பற்றி நிபுணர் குழுக்கள் மாறி மாறிப் பார்த்துவிட்டன, உடைகிற நிலையில் இல்லை என்பதை நான் நம்புகிறேன். இரண்டாவதற்கு நீங்கள் யாரிடமும் சான்று காட்ட வேண்டியதில்லை, 2021 டிசம்பரில் ராத்திரி நேரத்தில் திறந்த தண்ணீர் உங்கள் ஊர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது நடந்த விஷயம். அணையைப் பலப்படுத்துவது என்றால் கான்கிரீட் மட்டும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். ஆற்றோரம் ஒழுங்காக ஊதுகிற சைரன், தமிழிலும் மலையாளத்திலும் அறிவிப்பு, முடிந்தவரை வெளிச்சத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது, இதெல்லாம் மராமத்துக் கணக்கில் வர வேண்டியவை. சிமெண்ட் மாதிரி இதற்குப் பெரிய செலவும் ஆகாது. இதைக் கேட்பது தமிழ்நாட்டுக்கு விரோதம் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

கேள்வி: ‘தற்காலிகமாக’ அணையின் நீர்மட்டத்தை 152-லிருந்து 136 அடிக்குக் குறைக்கிறோம் என்று சொன்னபோது என் அப்பாவுக்கு முப்பது வயது. 142-க்குத் தீர்ப்பு வந்தபோது அறுபத்தைந்து. பதினாறு அடி குறைந்ததற்கா இந்தப் பாடு என்று சென்னையில் இருக்கிற என் மச்சான் கேட்கிறான். என்ன சொல்ல?
– வாசகர், மேலூர்

மச்சானிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அணையின் அடியிலிருந்து நமக்குத் தண்ணீர் வருவதில்லை. தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வருகிற சுரங்கத்துக்கு 104 அடிக்கு மேலே இருக்கிற தண்ணீர்தான் ஏறும், அதற்குக் கீழே இருப்பது படகுக்கும் யானைக்கும். ஆகவே 152 அடி என்றால் நம் பங்கு 48 அடி. 136 என்றால் 32. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, அதுவும் ஏரி மேலே போகப் போக விரிந்துகொண்டே போகும் என்பதால் உண்மையில் போனது அதைவிட அதிகம்.

இனி அது யாருக்குப் போனது என்று பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம், தண்ணீர் வீட்டு வாசலில் போகிறது, எப்படியோ ஒப்பேற்றிவிடுவோம். வைகை அணையைத் தாண்டினால் பெரியாறு கால்வாயில் இருபோகம் 45,041 ஏக்கர். அதற்கும் அப்பால் நீங்கள், 85,563 ஏக்கர் ஒருபோகம், திருமங்கலம் பக்கம் இன்னொரு 19,439. பந்தியில் கடைசி இலைக்குப் பாயசம் வராத கதை. முன்னால் உட்கார்ந்தவன் ஒரு கரண்டி குறைத்துக்கொண்டால் போதும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன இதழில் நான் சொல்லாமல் விட்டது இதுதான். அணையைப் பழுது பார்க்கத் தண்ணீரை இறக்கினால் அந்தச் செலவு எஸ்டிமேட்டில் ஏறுவதே இல்லை. சிமெண்டுக்கு மூட்டைக்கு இவ்வளவு, கம்பிக்கு டன்னுக்கு இவ்வளவு என்று எழுதுகிறவர்கள், விதைக்காமல் போன போகத்துக்கு ஒரு வரி எழுதுவதில்லை. வேலை இத்தனை மாதத்தில் முடியும், அதுவரை கடைமடைக்கு ஏக்கருக்கு இவ்வளவு நஷ்டஈடு என்று 1979-லேயே எழுதியிருந்தால் தற்காலிகம் என்பது 35 வருஷம் ஆகியிருக்காது. காசு கொடுக்க வேண்டியிருந்தால் எல்லா வேலையும் சீக்கிரம் முடியும், கல்யாண மண்டபத்துக்கு வாடகை கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: புது அணை கட்டிவிட்டால் ‘கேரளத்துக்குப் பாதுகாப்பு, தமிழ்நாட்டுக்குத் தண்ணீர்’ என்று எல்லாம் தீருமே?
– வாசகர், பீர்மேடு

கட்டி முடிக்கிற வரைக்கும் பழையது நிற்க வேண்டாமா? அதனால் பழையதை மராமத்து பார்க்க விடுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்து பரம்பிக்குளம் அணைக்கு நூறு வயதெல்லாம் ஆகவில்லை. அது ஏன் பழுதானது?
– வாசகி, ஆனைமலை

2022 செப்டம்பரில் ஒரு ராத்திரி, மூன்று ஷட்டர்களில் நடுவில் இருந்தது பிய்த்துக்கொண்டு போனதைத்தான் கேட்கிறீர்கள். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷட்டரைத் தூக்க உதவுகிற எடைக்கல்லின் சங்கிலி அறுந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த ஓட்டையை அடைக்கவே தண்ணீர் ஷட்டரின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்குகிற வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் வர வேண்டிய தண்ணீர் சாலக்குடி ஆற்றில் போனது, சாலக்குடிக்காரர்களோ வெள்ளம் வருகிறது என்று பயந்துகொண்டிருந்தார்கள். ஒரே தண்ணீர், ஒரு பக்கம் நஷ்டம், ஒரு பக்கம் பீதி. வயதானால்தான் கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் இல்லை. சங்கிலிக்குக் கிரீஸ் போட்டோமா, துரு பிடித்திருக்கிறதா என்று பார்க்கிற ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு மாதச் சம்பளமும் வேண்டும்.

கேள்வி: அணை வழக்கினால் எங்களை மாதிரி ஏலத்தோட்டத்துக் கூலிகளுக்கு என்ன பாதிப்பு என்று யாரும் எழுதுவதில்லையே?
– வாசகி, கம்பம்

உண்மை அக்கா. 2011 டிசம்பரில் அணைப் போராட்டத்தில் குமுளி ரோடு அடைத்துக் கிடந்தபோது விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்புகிற ஜீப்புகள் எல்லாம் நின்றுவிட்டன. இடுக்கித் தோட்டங்களில் தங்கியிருந்த குடும்பங்கள் காட்டுப்பாதையில் நடந்து இறங்கின. அந்த வாரம் எங்கள் தெரு ஜீப் டிரைவர் ஒருவர், தூக்குச்சட்டியோடு வந்து நின்ற பெண்களிடம் ‘இன்னைக்கும் இல்லம்மா’ என்று சொல்ல வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டார், அவர் சம்சாரம்தான் வாசலில் நின்று சொல்லி அனுப்புவார். அணையில் விரிசல் இருக்கிறதா என்று டிவியில் சண்டை போட்டவர்களில் ஒருவர்கூட அந்தக் கூலியைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த பஸ் எப்போது விடுவார்கள் என்பதுதான் இங்கே பேச்சாக இருந்தது.

கேள்வி: பேபி அணை என்றால் என்ன அங்கிள்? அதற்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்?
– பள்ளி மாணவி, போடி

பெரிய அணைக்குப் பக்கத்தில், தாழ்வான இடத்தை அடைக்கக் கட்டிய சின்ன அணை பாப்பா, 240 அடி நீளம். அதைப் பலப்படுத்த இயந்திரம் போக வேண்டும், அதற்கு மரம் வெட்ட வேண்டும், அது புலிகள் காப்பகம், வெட்டக் கேரள வனத்துறையைக் கேட்க வேண்டும். 2021 நவம்பரில் 15 மரத்துக்கு அனுமதி வந்தது, சில நாளிலேயே திரும்பப் போய்விட்டது. பேபிக்குத்தான் பாக்கி மராமத்து, அதை முடித்துத்தான் 152 அடி கேட்க வேண்டும் என்பது நம் அரசின் நிலை.

கேள்வி: அதெல்லாம் இருக்கட்டும். இந்த வருஷம் ஜூன் 1-ஆம் தேதி தண்ணீர் திறப்பார்களா, நாற்றுப் பாவலாமா?
– வாசகர், சின்னமனூர்

நான் ஜோசியன் இல்லை அண்ணே. என் மாமனார் கணக்கு என்னவென்றால், அணை 112 அடியைத் தாண்டி, லோயர்கேம்ப்பில் மழைக்காற்று அடிக்க ஆரம்பித்த பிறகுதான் விதை மூட்டையை ஊற வைப்பார். அதுவரை வாய்க்கால் புல்லைச் செதுக்கி முடியுங்கள், ஜூன் பிறந்துவிட்டால் மண்வெட்டிக் கூலி ஏறிவிடும்.