விதிப்புத்தகமும் நோட்டுப்புத்தகமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுவது என் வேலை. ஆறு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் ஐந்து நண்பர்கள் எங்கள் வீட்டு மாடியறையில் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடி வருகிறோம். ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி, ஒரு சாகசக் கதையைச் சேர்ந்து நடத்தும் ஆட்டம் அது. நான்தான் டன்ஜன் மாஸ்டர். கதையை நடத்துவதும் விதிகளில் தீர்ப்புச் சொல்வதும் என் பொறுப்பு. வீரர் கையேடு, டன்ஜன் மாஸ்டர் கையேடு, மான்ஸ்டர் மேனுவல் என்ற 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் மூன்று விதிப்புத்தகங்களையும் ஐவரும் பணம் போட்டு வாங்கினோம்.

இப்போது 2024ஆம் ஆண்டுப் பதிப்பை வாங்குவதா வேண்டாமா என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. வாள்வீரனாக ஆடும் நண்பர், புதிய பதிப்பில்தான் தன் பாத்திரத்துக்கு விமோசனம் என்கிறார். பாதி எல்ஃபாக, அதாவது மனிதருக்கும் எல்ஃப் என்ற கற்பனை இனத்துக்கும் பிறந்தவராக, ஆடுபவரோ, புதிய புத்தகத்தில் தன் இனமே இல்லை என்று கேள்விப்பட்டு, அதைத் தொடக்கூட மாட்டேன் என்கிறார். மற்ற இருவரும் என் முடிவுக்கே விட்டுவிட்டார்கள். மூன்றுக்கும் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். பழைய புத்தகங்களில் தட்டுவடை செட்டின் சட்னிக் கறை இருக்கிறதே தவிர, கட்டுக் குலையவில்லை.

அந்தக் கறையால் ஒரு வேடிக்கையும் நடந்தது. காயம் ஆற்றும் மந்திரம் உள்ள பக்கத்தில் சட்னி சிந்தி, எத்தனை பகடை என்ற எண் மறைந்துபோயிற்று. இரண்டு எட்டுமுகப் பகடைகள் என்ற நினைவில் உருட்டி வந்தோம். ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தபோது, பழகிவிட்டது என்று இரண்டையே வைத்துக்கொண்டோம். இப்படி நாங்கள் மாற்றிக்கொண்ட விதிகளையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதன் படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எங்கள் கதை இப்போது பாதியில் நிற்கிறது. என்ன செய்யலாம்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

ஏற்காட்டில் இரண்டு நாட்களாக மூடுபனி இறங்கி, வெளியே போக வழியில்லாமல் இருந்தபோது உங்கள் நோட்டின் படங்கள் வந்தன. முழுவதும் வாசித்தேன். கணக்கு எழுதுபவரின் கை என்று பார்த்தவுடன் தெரிகிறது. ஒவ்வொரு விதிக்கும் தேதி இட்டிருக்கிறீர்கள், எந்தச் சண்டையால் அந்த விதி பிறந்தது என்பதையும் பக்கத்தில் குறித்திருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்த நோட்டிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நாவல் மறுபதிப்புக் கண்டால் அட்டையும் எழுத்துருவும் மாறும்; விதிநூல் மறுபதிப்புக் கண்டால் சட்டமே மாறிவிடும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு கையேடுகளாக வெளியிட்ட இந்த ஆட்டம் 1989, 2000, 2008, 2014 என்று பலமுறை சட்டம் மாறியிருக்கிறது. 2024ஆம் ஆண்டின் மாற்றத்தைப் பதிப்பாளர்கள் ஆறாம் பதிப்பு என்று சொல்வதில்லை. ஐந்தாம் பதிப்பின் திருத்தம் என்றே சொல்கிறார்கள். பெருமளவுக்கு அது உண்மைதான். உங்களிடம் உள்ள பழைய சாகசக் கதைகளைப் புதிய விதிகளோடு நடத்தலாம், பழைய அரக்கர்களைப் புதிய வீரர்கள் எதிர்க்கலாம்.

எல்லாப் பதிப்பும் இவ்வளவு சாதுவாக வந்துவிடவில்லை. 2008இல் நாலாம் பதிப்பு வந்தபோது எங்கள் குழுவும் உங்களைப் போலவே கதையின் நடுவில் இருந்தது. புதியது என்பதாலேயே அது மேலானது என்ற அவசரத்தில் நான் அதற்கு மாறினேன். எங்களில் ஒருவர் ட்ரூயிட் ஆக, அதாவது காட்டின் சக்திகளைத் துணைக்கழைக்கும் பூசாரியாக, மூன்று ஆண்டுகள் ஆடியிருந்தார். நாலாம் பதிப்பின் முதல் வீரர் கையேட்டில் ட்ரூயிட் என்ற வகுப்பே, அதாவது பாத்திர வகையே, இல்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் வந்த இரண்டாம் கையேட்டில்தான் இருந்தது. அதுவரை வேறு பாத்திரம் ஆடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் மறுத்து எதுவும் பேசவில்லை; இரண்டு வாரம் வந்தார், பிறகு வரவில்லை. அந்தத் தவறு முழுக்க என்னுடையது. ஆகவே உங்கள் பாதி எல்ஃப் நண்பரின் கோபத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. புதிய வீரர் கையேட்டின் பத்து இனங்களில் பாதி எல்ஃபும், ஆர்க் என்ற முரட்டு இனத்தின் கலப்பான பாதி ஆர்க்கும் இல்லை என்பது மெய்தான். ஆனால் பழைய நூல்களின் இனங்களைப் புதிய விதிகளோடு எப்படிப் பொருத்துவது என்பதையும் அதே கையேடு சொல்கிறது: பழைய இனம் தரும் திறன் புள்ளிகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இயல்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அவருடைய பாத்திரம் எங்கும் போகாது.

இனி உங்கள் நோட்டுக்கு வருகிறேன். பத்தாயிரத்துக்கு மேல் செலவு செய்யும் முன் அந்த நோட்டில் உள்ள ஒவ்வொரு சண்டையையும் எடுத்து, புதிய பதிப்பு இதைத் தீர்க்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதுதான் என் யோசனை. நான் பார்த்தவரையில் பாதிக்குத் தீர்வு இருக்கிறது.

பன்னிரண்டாம் பக்கத்தில், பதுங்கியிருந்து தாக்கப்பட்டவர்கள் முதல் சுற்றில் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற விதியால் ஒரு மாலையே கெட்டுப்போனதை எழுதியிருக்கிறீர்கள். புதிய பதிப்பில் அப்படி முறையை இழப்பதில்லை. யார் முதலில் செயல்படுவது என்பதற்கான உருட்டலில் இரண்டு இருபதுமுகப் பகடைகளை எறிந்து சிறியதை எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். களைப்பு விதியை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்று புலம்பியிருக்கிறீர்கள். ஆறு படிகளுக்கு ஆறு வேறு தண்டனைகள் என்ற அந்தப் பட்டியல் போய்விட்டது. இப்போது ஒவ்வொரு படிக்கும் இருபதுமுகப் பகடையில் இரண்டு குறையும், நடையில் ஐந்து அடி குறையும். ஆறாம் படியில் மரணம் என்பது மட்டும் மாறவில்லை. காயம் ஆற்றும் மந்திரத்துக்கோ இப்போது இரண்டு எட்டுமுகப் பகடைகள்! உங்கள் சட்னி சில ஆண்டுகள் முந்திக்கொண்டுவிட்டது.

வாள்வீரரின் குறை நியாயமானது. மந்திரவாதி ஒவ்வொரு முறையும் எதைச் செய்யலாம் என்று யோசிக்க, வீரன் மட்டும் ‘வீசுகிறேன், பட்டது, வீசுகிறேன், படவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருப்பது அலுப்புத்தான். புதிய பதிப்பில் ஆயுதங்களுக்குத் தனித்தன்மை தந்திருக்கிறார்கள். பெருவாளின் வீச்சு இலக்கைத் தவறினாலும் சிறிது கீறிச் செல்லும். போர்க்கோடரி பட்டவன் தாக்குப்பிடிக்காவிட்டால் தரையில் விழுவான். போர்ச்சுத்தியல் எதிரியைப் பத்து அடி தள்ளிவிடும். வீரன் முதல் நிலையிலேயே மூன்று ஆயுதங்களில் இந்தத் தேர்ச்சியைப் பெறுகிறான். இதனால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் சற்று நீளும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் விழுந்தானா, நகர்ந்தானா என்று பார்க்க வேண்டியிருக்கும். அந்த நண்பர் ஆறு ஆண்டுகள் பொறுத்திருந்ததற்கு அது அதிக விலை இல்லை.

உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் ஓர் அடித்தல் இருக்கிறது. முதலில் ‘குலம்’ என்று எழுதி, அடித்துவிட்டு, மேலே ‘இனம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அடித்தலுக்கு மட்டும் தேதியோ காரணமோ இல்லை. சேலத்தில் ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, உன் குலம் என்ன என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது நாவில் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. 2014ஆம் ஆண்டுப் புத்தகத்தில் எல்ஃபாகப் பிறந்தவனுக்கு உடல் லாகவத்தில் இரண்டு புள்ளி கூடும், குள்ளனாகப் பிறந்தவனுக்கு உடலுறுதியில் இரண்டு கூடும். பிறப்பே திறனை முடிவு செய்தது. 2020இல் வந்த ஒரு துணைநூல் இதை விருப்பம்போல் மாற்றிக்கொள்ள அனுமதித்தது. 2024இல் அந்தப் புள்ளிகளைப் பிறப்பிலிருந்து எடுத்து, பாத்திரம் வளர்ந்த பின்னணிக்குக் கொடுத்துவிட்டார்கள். உழவர், கைவினைஞர், வணிகர், எழுத்தர், படைவீரர் என்று பதினாறு பின்னணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மூன்று திறன்களைக் குறிப்பிடும், அவற்றுக்குள் மூன்று புள்ளிகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இதை நான் அரை மனதோடுதான் வரவேற்கிறேன். உழவருக்குக் குறித்த மூன்று திறன்கள் வலிமை, உடலுறுதி, விவேகம். அறிவுத்திறன் அதில் இல்லை. உழவர் வீட்டுப் பிள்ளை மந்திரவாதியாக விரும்பினால், மந்திரவாதிக்கு முதன்மையான அறிவுத்திறனில் ஒரு புள்ளிகூட அவனுக்குக் கிடைக்காது. பிறப்பு விட்ட பிடியைத் தொழில் பிடித்துக்கொண்டது என்று வேறு நாட்டு வாசகர் ஒருவர் நினைக்காமல் போகலாம். நம் ஊரில் இதை வாசிப்பவர் நினைக்காமல் இருக்க முடியாது. நல்லவேளையாக, புதிய பின்னணிகளை நாமே உருவாக்கிக்கொள்ளும் வழியை டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் தந்திருக்கிறார்கள். பகலில் தறியில் உட்கார்ந்து இரவில் பாடம் படித்த பிள்ளை என்று ஒரு பின்னணியை உங்கள் நோட்டில் நீங்களே எழுதிக்கொள்ளலாம். அதற்கு அந்தக் கையேட்டை வாங்கவும் வேண்டியதில்லை. மூன்று திறன்களைத் தேர்ந்து எழுதத் தெரிந்தால் போதும்.

பணத்தைப் பற்றி. புத்தகம் ஒன்றின் அச்சிட்ட விலை 49.99 டாலர் என்பதால் நீங்கள் சொல்லும் தொகை சரிதான். ஆனால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் புதிய விதிகளை நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். 2023 ஜனவரியில், இந்த விதிகளைப் பிறர் பயன்படுத்துவதற்கு 2000ஆம் ஆண்டு முதல் இருந்துவந்த உரிமத்தைப் பதிப்பாளர்கள் கடுமையாக்க முயன்றார்கள். ஆடுபவர்கள் பெரும் எதிர்ப்புக் காட்டியதும் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பை அந்த மாத இறுதியிலேயே, யாரும் பயன்படுத்திக்கொள்ள இடம் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் விட்டுவிட்டார்கள். 2025 ஏப்ரலில் புதிய பதிப்பின் விதித்தொகுப்பையும் அதே உரிமத்தில் வெளியிட்டார்கள். இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். பன்னிரண்டு வகுப்புகளும், ஒவ்வொன்றுக்கும் ஒரு உட்பிரிவும், ஆயுதத் தேர்ச்சியும், மந்திரங்களும், அரக்கர்களும் அதில் உண்டு. பின்னணிகள் நான்குதான். புத்தகத்தில் உள்ள ஓவியங்களும் மீதி உட்பிரிவுகளும் இராது. இன்னொன்று: மூலத்தை முறைப்படி குறிப்பிட்டால், அந்தத் தொகுப்பைத் தமிழில் பெயர்க்கவோ அச்சிடவோ யாரிடமும் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. உங்கள் நோட்டில் இருக்கும் கலைச்சொற்களை, குறிப்பாக, ஆபத்தைத் தாங்கினாரா என்று பார்க்க உருட்டுவதற்கு நீங்கள் இட்ட ‘தாக்குப்பிடிப்பு’ என்ற அருமையான சொல்லை, பார்த்தபோது இது நினைவுக்கு வந்தது.

ஆகவே இப்போது நடக்கும் கதையைப் பழைய விதிகளிலேயே முடியுங்கள். ஆயுதத் தேர்ச்சி, களைப்பு, பதுங்கித் தாக்குதல் ஆகிய மூன்றை மட்டும் இலவசத் தொகுப்பிலிருந்து எடுத்து அடுத்த ஞாயிறே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இம்மூன்றும் மற்ற விதிகளைக் குலைக்காமல் ஒட்டிக்கொள்ளக்கூடியவை. கதை முடிந்து புதிய கதை தொடங்கும்போது வீரர் கையேடு ஒன்றை மட்டும் வாங்குங்கள்; அதுவும் பொதுப் பணத்தில் அல்லாமல், மிக ஆசைப்படும் வாள்வீரரே வாங்கி மேசைக்குக் கொண்டுவருவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. பாதி எல்ஃப் நண்பரின் பணத்தில் அவருடைய இனம் இல்லாத புத்தகத்தை வாங்கினால் அந்தக் கசப்பு எளிதில் போகாது. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட அரக்கர்களோடு வந்திருக்கும் மான்ஸ்டர் மேனுவல், டன்ஜன் மாஸ்டராகிய உங்களுக்கு ஆசை காட்டும், ஓராண்டு பொறுக்கலாம். டன்ஜன் மாஸ்டர் கையேடு புதிதாகத் தொடங்குபவருக்கு மிக நல்ல புத்தகம், ஆறு ஆண்டுகள் ஆட்டம் நடத்தியவருக்கு அவசரம் இல்லை.

வாங்கினால் அதை மாடியறையில் வைக்காதீர்கள். சேலத்து ஏப்ரல் வெயிலில் கூரைக்கடியில் கிடக்கும் தடித்த புத்தகத்தின் முதுகுப் பசை காய்ந்து உதிரும்; கீழே, சமையலறையை விட்டுத் தள்ளி, மர அலமாரியில் வையுங்கள். இங்கே எனக்கு எதிர்ப்பக்கத் தொல்லை. பனி நுழைந்து தாள்கள் உப்பி, என் பழைய வீரர் கையேடு இப்போது மூடினாலும் முழுதாக மூடுவதில்லை.