ஸ்விஃப்ட் டீசல்: காலைல வர்ற கடகட சத்தம்

ப்ரோ, 2009 ஸ்விஃப்ட் டீசல்ல காலைல ஸ்டார்ட் பண்ணதும் நாலு செகண்ட் கடகடன்னு சத்தம் வந்து அடங்கிடுதுன்னா பெரும்பாலும் செயின் டென்ஷனர்தான் (இன்ஜினுக்குள்ள வால்வுகள ஓட்டுற டைமிங் செயின இறுக்கி பிடிக்கிற பாகம்), அது ஆயில் பிரஷர்ல வேலை செய்யுது, தேஞ்சதுன்னா ராத்திரில ஆயில் இறங்கிடும், திரும்ப பிரஷர் ஏறுற வரைக்கும் செயின் லூசா ஆடும். மொதல்ல டிப்ஸ்டிக்க எடுத்து பாருங்க, ஆயில் கம்மியா இருந்தாலும் இதே சத்தம்தான். அது சரியா இருந்தா டென்ஷனர மட்டும் மாத்தாதீங்க, செயின், அது உரசி ஓடுற கைடு எல்லாம் செட்டா போடுங்க, எப்படியும் முன் கவர கழட்டியாகணும், கூலி ஒண்ணுதான். மாட்டினதும் டென்ஷனர அமுக்கி வெச்சிருக்கிற லாக் பின்ன (pin) உருவிட்டாங்களான்னு பாருங்க (சிரிக்காதீங்க, மறப்பாங்க), செல்ஃப் அடிக்கிறதுக்கு முன்னாடி கிராங்க (இன்ஜினோட மெயின் ஷாஃப்ட்ட) கையால ரெண்டு முழு சுத்து சுத்த சொல்லுங்க, எங்கயாவது இடிச்சா நிறுத்திடணும். இந்த வேலை முடியுற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க, செயின் சக்கரத்துல பல்லு தாண்டிச்சுன்னா வால்வு பிஸ்டன்ல மோதி செலவு எங்கயோ போயிடும்.