மனநல மருத்துவர் பதில்கள்: குடியை விட்ட பிறகும் முகம் தெளியவில்லை

கேள்வி: எனக்க வீட்டுக்காரருக்கு 46 வயசு, ரப்பர் பால்வெட்டு வேலை. குடியை விட்டு எட்டு மாசம் ஆச்சு. இப்போ ஆளுக்குப் பேச்சே இல்ல. வெளுப்பாங்காலம் எழும்பி மரத்துக்குப் போகவே மடி. ரெண்டு வித மாத்திரை மாத்திப் பாத்தாச்சு. திருவனந்தபுரத்து டாக்டர் டிஎம்எஸ் செய்யலாம்ங்கார். மாமியார், "எம்மவனுக்கு ஷாக் வைக்கப் போறியளா"ன்னு அழுவுதாவ. செய்யலாமா? – வாசகி, குலசேகரம்

செய்யலாம் சகோதரி. டிஎம்எஸ் என்பது காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டிவிடும் மனச்சோர்வு சிகிச்சை. மாமியாரிடம் முதலில் சொல்லுங்கள், இது ஷாக் இல்லை. மயக்க ஊசி கிடையாது, வலிப்பு வரவழைப்பதும் இல்லை. நாற்காலியில் உட்காரவைத்து, இடது முன்நெற்றிக்கு மேலே ஒரு காந்தச் சுருளை வைப்பார்கள். அது டக் டக்கென்று சத்தம் போடும். அதற்காகக் காதில் பஞ்சு போன்ற அடைப்பான் தருவார்கள். எவ்வளவு சக்தி வேண்டும் என்பதைக் கட்டைவிரல் துடிக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வார்கள். சிலருக்குத் தலைவலி வரும், சுருள் வைத்த இடத்தில் கொஞ்சம் வலிக்கும். முடிந்ததும் அவர் தனியாகவே பஸ் ஏறி வீட்டுக்கு வரலாம். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவான கருவி இது. மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2008இல். திருவிழாக் கடையில் விற்கும் காந்தக் காப்போடு இதைச் சேர்த்துவிட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம், "எட்டு மாசம்". குடியை நிறுத்திய முதல் சில வாரங்களில் வரும் சோர்வு பலருக்குத் தானாகவே வடியும். அதனால்தான் மூன்று நான்கு வாரம் பொறுத்துப் பார்ப்போம். எட்டு மாதம் ஆகியும் வடியவில்லை என்றால் அதைத் தனி நோயாகத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் சொந்தக்காரர் யாராவது ஒருவர் வந்து, "குடிச்சிட்டு இருந்தப்போ நல்லாத்தானே இருந்தான், கொஞ்சம் ஊத்திக் கொடு" என்பார். அவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். தைராய்டு பரிசோதனை செய்யவில்லை என்றால் அதையும் செய்துவிடுங்கள்.

இனி, அந்த டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டியவை. குடித்த காலத்தில் எப்போதாவது வலிப்பு வந்ததா? பைக்கிலிருந்து விழுந்து தலையில் பிளேட் வைத்திருக்கிறார்களா? மூளை ரத்தக்குழாயில் கிளிப், காதுக்குள் கருவி, இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா? பல் அடைத்திருந்தால் பரவாயில்லை. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற சீட்டையும் கையில் கொண்டு போங்கள். சில மாத்திரைகள் வலிப்புக்கு இடம் கொடுக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், நடுவில் சறுக்கிக் குடித்துவிட்டால் அன்றே சொல்லிவிடுவது. டிஎம்எஸ்ஸில் வலிப்பு வருவது மிக அபூர்வம், ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் தொடர்ந்து குடித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தியவருக்கு அடுத்த ஓரிரு நாளில் மூளை தானாகவே வலிப்பின் விளிம்பில் நிற்கும். அன்றைக்குப் போய் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. மானம் போகுமே என்று நீங்கள் அவருக்காக மறைப்பீர்கள். மனைவிமார் மறைப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சொன்னால் சிகிச்சையைச் சில நாள் தள்ளிவைப்பார்கள், அவ்வளவுதான்.

பலன் எவ்வளவு? மாத்திரை கேட்காதவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நல்ல மாற்றம் தெரிகிறது. ஆனால் ஆரம்ப கால ஆய்வுகள் பலவற்றில் குடிப்பழக்கம் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. அதனால் உங்கள் கணவருக்கும் அதே கணக்கு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். குடி ஆசையை இது அறுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புகைப்பழக்கத்தைக் கைவிட உதவும் ஒரு வகை டிஎம்எஸ் கருவிக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குடிக்கு அப்படி எதுவும் இல்லை. குடி மறப்புக் கூட்டம், அதற்கான மாத்திரை எல்லாம் அப்படியே தொடரட்டும்.

வாரத்தில் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம் போக வேண்டும். குலசேகரத்திலிருந்து தினமும் திருவனந்தபுரம் என்றால் கணக்கில்லாத பஸ் கூலி. பால் எடுத்து ஷீட் அடித்து முடிய மதியம் ஆகிவிடுமே, சாயங்கால நேரம் தருவார்களா என்று கேளுங்கள். மூன்று நிமிடத்தில் முடியும் முறையும் உண்டு, பழைய முறை அரை மணிக்கு மேல் போகும். எது என்றும், மொத்தச் செலவு எவ்வளவு என்றும் முதல் நாளே எழுதி வாங்குங்கள். மழைக்கு வெட்டு நிற்கும் நாட்கள் கிடைத்தால் வசதிதான், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். பலருக்கு இரண்டாம் மூன்றாம் வாரத்தில்தான் முகம் தெளியும்.

"செத்தால் நல்லது" என்று பேசினாலோ, சாப்பாட்டை நிறுத்தினாலோ ஆறு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றே கூட்டிப் போங்கள். ராத்திரியானால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள். அந்த நிலையில் மாமியார் பயப்படும் அதே ஷாக் சிகிச்சையைத்தான் நானும் சொல்வேன். அது இதைவிட வேகமாக வேலை செய்யும். மயக்க மருந்து இல்லாமல் அதைச் செய்வதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. சினிமாவில் காட்டுவது போல் இருக்காது.

கேள்வி: கஞ்சாவை விட்டபின் மனசு சரியில்லை. தலையில் மாட்டும் கரண்ட் கருவியை ஆன்லைனில் வாங்கலாமா? – வாசகர், குளச்சல்

வேண்டாம் தம்பி. அது டிஎம்எஸ் இல்லை, வேறு முறை; ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் மின்சாரத்தைத் தோல் வழியே செலுத்துவது. இடம் தவறி வைத்தால் பலன் இல்லை, அதில் நனைத்து வைக்கும் பஞ்சு காய்ந்தால் தோல் பொள்ளும். அந்தப் பணத்தில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். கஞ்சாவை விட்டு எத்தனை வாரம் ஆயிற்று என்று அவரிடம் சரியாகச் சொல்லுங்கள்.